பச்சைச் சேவலும் மஞ்சள் பெட்டையும்: ஹட்டன் கடையில் வாங்கிய பட்ஜி சோடி

கடந்த சித்திரையில், ஹட்டன் நகரிலுள்ள ஒரு வளர்ப்புப் பறவைக் கடையில் ஒரு சோடி பட்ஜிக் கிளிகளை வாங்கினேன். நம் பகுதியில் இவற்றை ‘லவ் பேர்ட்ஸ்’ என்றே எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். உண்மையில் அந்தப் பெயருக்குரியது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு பறவை. நிறக் குஞ்சுகள் எடுக்கும் ஆசையில் புதிதாகத் தொடங்குபவர் இக்கடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பறவைகளின் உடல்நலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூண்டுகள் வாசற்காற்றுக்கு நேரே இல்லாமல் உட்சுவரோரம் இருந்தன. மாலையில் மூடுபனி இறங்கியதும் கடைப் பையன் ஒவ்வொன்றையும் சாக்கால் போர்த்தினான். ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஊரில் இது சிறிய விடயமன்று, ஏனெனில் குளிரும் சுண்ணாம்புச் சத்துக் குறைவும் சேர்ந்தால் பெட்டையின் வயிற்றில் முட்டை சிக்கி, அதன் உயிரையே பறித்துவிடக்கூடும். சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறிக்க, கேட்காமலேயே ஒரு துண்டு கணவாய் ஓடும் தந்தார்கள்.

நிறத்தைப் பற்றிச் சொன்னதுதான் பொய்த்தது. முதலாளி காட்டியது, நீல மூக்குத்தோல் (அலகுக்கு மேல் மூக்குத் துளைகளைச் சுற்றியுள்ள தோல்) கொண்ட பச்சைச் சேவலும் சிவந்த கண்ணுடைய மஞ்சள் பெட்டையும். “பாதிக்குப் பாதி மஞ்சள் வரும் தம்பி” என்ற அந்த வாக்குக்காகவே 500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். மண்முட்டிக்குள் ஒருநாள் விட்டு ஒருநாளாக ஐந்து முட்டைகள் விழுந்தன. முதல் முட்டை 18ஆம் நாள் பொரித்தது. டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, மூடிய இமைக்குள் கண் மிளகு போலக் கறுத்துத் தெரிந்தது. சிவந்த கண் மஞ்சளாயின் அந்த இடம் அன்றே சிவந்து தெரிந்திருக்கும். பிழைத்த நான்கும் பச்சை. “அடுத்த அடையில் வரும்” என்றார் முதலாளி. அடுத்த அடையில் வந்த ஐந்தும் பச்சை.

சிவந்த கண் மஞ்சளுக்கான மரபணு, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் பால் நிறப்புரியில் (குரோமோசோமில்) இருப்பதும், பறவைகளில் சேவலுக்கு அந்நிறப்புரி இரண்டும் பெட்டைக்கு ஒன்றும் இருப்பதுமே இதற்குக் காரணம். மஞ்சள் தாய் அதை ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே கொடுக்கிறாள். அவற்றிலும் தந்தையின் பச்சை மேலோங்கிவிடுவதால் மஞ்சள் உள்ளே மறைந்து கிடக்கிறது. சோடியை மாற்றி, மஞ்சள் சேவலைப் பச்சைப் பெட்டையுடன் சேர்த்திருந்தால் பெண் குஞ்சுகள் அனைத்தும் மஞ்சளாகவே பிறந்திருக்கும். மஞ்சள் சேவலின் மூக்குத்தோலோ வளர்ந்த பின்னும் நீலமாகாமல் இளஞ்சிவப்பாகவே இருக்கும் என்பதால், பெட்டை என்று சொல்லி அதை விற்றுவிடுவதும் நடக்கிறது.

முதலாளி சொன்னது பலிக்க வேண்டுமானால், என் பச்சைச் சேவலுக்குள்ளும் மஞ்சள் மறைந்து இருந்திருக்க வேண்டும். அதன் தாயோ தந்தையோ மஞ்சளாக இருந்திருந்தால் அது உறுதி. அதைத்தான் நான் வாங்கும்போது கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தாலும் பயனில்லை, கொழும்பிலிருந்து மொத்தமாக வரும் பறவைகளின் பெற்றோரை அவர் கண்டதேயில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் அதற்கு விலையும் வைத்ததுதான் என் மனக்குறை.

தினையும் கூண்டும் வாங்க இன்னமும் அங்கேதான் போகிறேன். முதல் அடையின் ஆண் குஞ்சொன்றுக்கு மூக்குத்தோல் நீலமாகி வருகிறது. அதனுள் மஞ்சள் இருப்பது உறுதி என்பதால், அதற்குச் சேர்க்க வேண்டிய மஞ்சள் பெட்டையை, மூக்குத்தோல் பழுப்பேறியிருக்கிறதா என்று பார்த்து, அதே கடையில் வாங்கவே எண்ணியிருக்கிறேன்.