கறிவேப்பிலை இலை கருகினால் எதை நம்புவது? ஸ்காபரோ வீட்டுக்குள் நாலு குளிர்காலம்

இங்கே கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் கறிவேப்பிலை வளர்க்கிற வீடுகளில் தை மாதம் வந்தால் ஒரே கதைதான். ஐப்பசி தொடக்கத்தில் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போக முதல் சாடியை வீட்டுக்குள்ளே எடுப்போம். கார்த்திகை வரை பச்சையாக நிற்கும். பிறகு ஒரு நாள் பார்த்தால் இலை நுனி மண்ணிறமாகியிருக்கும். நான் மூன்று கன்றோடு தொடங்கினேன். முதல் குளிர்காலத்திலேயே இரண்டு பட்டுப்போயின. மிஞ்சிய ஒன்றைக் காப்பாற்றத்தான் ஒவ்வொரு கருவியாக வாங்கினேன். பிறகு அதற்குத் துணையாக இன்னொரு கன்றும் வந்தது. நாலு குளிர்காலம் பாவித்துப் பார்த்ததில் எது உண்மை சொன்னது, எது ஏமாற்றியது என்று எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு கன்றும் ஏன் செத்தன என்று சொல்லவேண்டும். நுனி கருகியதும் "அதுக்குப் பசளை காணாது" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் போத்தலில் போட்டிருந்த அளவுப்படி கிழமைக்கு ஒரு தடவை கரைத்து ஊற்றினேன். கருகல் நுனியிலிருந்து ஓரத்துக்கு இறங்கியது. இன்னும் ஊற்றினேன். மார்கழியில் ரொறன்ரோவில் பகல் வெளிச்சம் 9 மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான். அந்த வெளிச்சத்தில் செடி அரைத்தூக்கத்தில் இருக்கிறது, கொடுக்கிற பசளையில் பெரும்பகுதியை எடுக்காது. எடுக்காத உப்பு மண்ணிலேயே தங்கி, வேர் தண்ணீர் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. சாடி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தது அதுதான். அதை நான் சுண்ணாம்பு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வாங்கியது இரண்டு கம்பி உள்ள, பற்றரி இல்லாத மண் மீற்றர். ஈரம், பிஎச் (மண்ணின் புளிப்பு, காரம்), வெளிச்சம் மூன்றையும் காட்டும் என்று விற்கிறார்கள். அதை வாங்கவே வேண்டாம். இரண்டு வேறு உலோகங்களுக்கு இடையே ஓடும் சிறு மின்சாரத்தைத்தான் அது அளக்கிறது. மண்ணில் உப்புக் கூடினால் மின்சாரமும் கூடும், முள் "ஈரம்" பக்கம் சாயும். உப்பால் தவித்துக்கொண்டிருந்த என் செடிக்கு அது மாதக்கணக்காக "தண்ணீர் போதும்" என்றே காட்டியது. பிஎச் பக்கம் திருப்பினால் எந்த மண்ணில் குத்தினாலும் முள் 7ஐ விட்டு அசையவில்லை. இப்போது ஒரு மூங்கில் குச்சியை அடிவரை குத்தி, கொஞ்ச நேரம் விட்டு இழுத்துப் பார்க்கிறேன். குச்சி உலர்ந்து வந்தால் தண்ணீர், ஈரமாக மண் ஒட்டி வந்தால் இன்னும் சில நாள் பொறுப்பேன். சாடியைத் தூக்கி எடையைப் பார்ப்பதும் கைக்குப் பழகிவிட்டது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா அப்படியில்லை, கொடுத்த காசுக்கு மேலே வேலை செய்தது. வழக்கம்போல் தண்ணீர் விட்டு ஒரு மணித்தியாலம் விடவேண்டும். பிறகு மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அடியில் வடிவதில் 100 மில்லிலீற்றர் பிடித்து அளக்கவேண்டும். எங்கள் குழாய்த் தண்ணீர் பேனாவில் 160க்குக் கிட்டக் காட்டும். இரண்டாம் குளிர்காலத்தில் வடிதண்ணீர் 1,900 காட்டியது. அன்றைக்கே 10 லீற்றர் சாடியைக் குளியல் தொட்டியில் வைத்து, 25 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரை அரை மணித்தியாலமாக மெல்ல மெல்ல ஊற்றி வடியவிட்டேன். கடைசியில் 500க்கு வந்தது. கருகின நுனி திரும்பப் பச்சையாகாது, அதை எதிர்பார்த்து மனம் உடையவேண்டாம். புதிதாக வரும் ஈர்க்கைப் பாருங்கள். பங்குனியில் வந்த ஈர்க்குகள் நுனிவரை பச்சையாக வந்தபோது எனக்கு உண்டான சந்தோசத்தை எழுத முடியாது. ஒரு கவனம்: எல்லாப் பேனாவும் ஒரே கணக்கில் எண்ணைக் காட்டுவதில்லை. அளந்த மின்கடத்தலைச் சிலது 0.5ஆல் பெருக்கும், சிலது 0.7ஆல். அதனால் அடுத்த வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் பேனாவில் குழாய்த் தண்ணீர் எவ்வளவு, வடிதண்ணீர் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

பிஎச் பேனா நல்லதுதான், ஆனால் கவனிப்புக் கேட்கும். முனை காயவே கூடாது, அதற்கான கரைசலில் வைக்கவேண்டும். 4, 7 கரைசல்களில் அடிக்கடி சரிபார்க்கவேண்டும். என்னுடையது ஒன்றரை வருடத்தில் தடுமாறத் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஒரு தடவை பெரிய உதவி செய்தது. புது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக வந்து, பிறகு மெல்லிய மண்ணிறத் திட்டுகளாயின. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்து, அரை மணித்தியாலம் வைத்து அளந்தேன். 7.6. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம், கொஞ்சம் புளிப்பான மண்தான் அதற்குப் பிடிக்கும். இங்கத்தைக் கடினத் தண்ணீர் மண்ணைக் காரமாக்க, மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்கவில்லை. இரும்புச் சத்து வாங்குவதென்றால் இடிடிஎச்ஏ (EDDHA) என்று எழுதியதைப் பார்த்து வாங்குங்கள். மலிவான இடிடிஏ (EDTA) வகை இப்படிக் காரமான மண்ணில் நிலைக்காது.

ஊரில் அம்மா கறிவேப்பிலையடியில் புளித்த மோர் ஊற்றுவா. நானும் ஊற்றினேன். ஊரில் அது வெயிலும் காற்றும் படும் நிலம், மண்புழு பார்த்துக்கொள்ளும். இங்கே மூடிய வீட்டுக்குள் மேல்மண்ணில் பூஞ்சணம் படர்ந்து, சாடியைச் சுற்றிக் குட்டி ஈக்கள் வந்துவிட்டன. கோடையில் சாடி வெளியே நிற்கும்போது தண்ணீர் கலந்து கொஞ்சம் ஊற்றுகிறேன், வீட்டுக்குள் இல்லை.

காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரப்பத மானியை வாங்கியதும் முதலில் சோதியுங்கள். போத்தல் மூடியில் உப்பைக் குழைத்து, மானியோடு காற்றுப் போகாத பையில் ஒரு இரவு வைத்தால் 75 சதவீதம் காட்டவேண்டும். என்னுடையது 71 காட்டியது, அந்த 4ஐக் கூட்டிக்கொள்கிறேன். தை மாதத்தில் எங்கள் முன்னறையில் 22 சதவீதம். ஹீற்றர் காற்று வரும் பக்கத்து இலைகள் மட்டும் ஓரம் மொறமொறவென்று இருந்ததற்கு அதுதான் காரணம். இலைக்குத் தண்ணீர் தெளிப்பது சில நிமிடத்தில் காய்ந்துவிடும். சாடியைக் குசினி யன்னலுக்கு மாற்றியதுதான் பலன் தந்தது.

எல்லாவற்றிலும் மலிவானது பூதக்கண்ணாடி. முதலிலேயே வாங்கியிருக்கவேண்டியது அதைத்தான். மூன்றாம் குளிர்காலத்தில் இலை முழுவதும் ஊசியால் குத்தியதுபோல் புள்ளிகள், பிறகு வெண்கல நிறம். உப்பு என்று நினைத்து அளந்தேன், எண் சரியாக இருந்தது. கிளையை வெள்ளைத் தாளுக்கு மேலே தட்டினேன். விழுந்த தூசு நடந்தது! சிலந்திப்பேன். நாங்கள் கறியில் போடும் இலை, ஆகவே மருந்தடிக்க மனம் வரவில்லை. இலையின் அடிப்பக்கத்தைக் குளியலறையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். முட்டை பொரித்து வருவதால் ஒரு தடவை போதாது, நாலைந்து நாளுக்கு ஒருக்கால் என்று நாலு தடவை கழுவினேன்.

எல்.ஈ.டி விளக்கைப் பற்றி ஒன்றுதான். 20 சென்ரிமீற்றரில் தொங்கவிட்டபோது உச்சி இலைகள் வெளுத்துக் கருகின, 45இல் சுகமாக இருக்கின்றன. வைகாசியில் சாடியை நேரே வெயிலில் வைத்தாலும் இதே வெளுத்த திட்டு வரும், ஒரு கிழமை நிழலில் பழக்குங்கள்.

இப்போது மண்ணிறத்தைக் கண்டால் கருவியை எடுக்க முதல் எங்கே கருகுது என்றுதான் பார்க்கிறேன். பழைய இலையா புது இலையா, நுனியா நடுவா, ஒரு பக்கமா எல்லாப் பக்கமுமா. ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்றி, இரண்டு கிழமை பொறுக்கிறேன். பொறுமையில்லாமல் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது சுகப்படுத்தியது என்றே தெரியாது.

இன்றைக்குச் சின்னக் கன்றில் அடி இலைகள் நடுவிலேயே மெத்தென்று கறுத்திருக்கின்றன. குச்சி ஈரமாக வருகிறது, மண்ணில் ஒரு புளித்த மணம். நாளைக்குச் சாடியைக் கவிழ்த்து வேரைப் பார்க்கப்போகிறேன்.