டைஹைட்ரோமிர்சினால்: சோப்பிலும் ஸ்ப்ரேயிலும் நான்கு ஆண்டு அனுபவம்

செங்கோட்டையில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் தேங்காய் எண்ணெய் சோப்பு, தரை துடைக்கும் திரவம், பாடி ஸ்ப்ரே ஆகியவற்றைச் செய்து, உள்ளூரிலும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் கடைகளிலும் கொடுத்து வருகிறேன். பக்கத்திலேயே புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை மூட்டையாக விலைபோகும்போது, அந்த வாசனைக்காக மும்பையிலிருந்து டைஹைட்ரோமிர்சினால் என்ற ரசாயனம் எதற்கு என்று கேட்காத உறவினர் இல்லை.

தொடக்கத்தில் நானும் எலுமிச்சை எண்ணெயைத்தான் சேர்த்தேன். ஊற்றிய அன்று தெருவே மணத்தது; ஆறு வாரம் பதப்படுத்தி எடுத்தபோது கட்டிகள் பழுப்பேறியிருந்தன, மூக்கருகே வைத்தால் தேங்காய் எண்ணெய் வாடை மட்டுமே வந்தது. எலுமிச்சை மணத்தின் உயிரான சிட்ரால் சோப்பின் காரத்தில் சிதைந்துவிடுகிறது. அந்த எண்ணெயின் பெரும்பகுதியான லிமோனீனோ விரைவில் ஆவியாவதோடு, காற்றுபட்டுப் பழசானால் தோலில் ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களாகவும் மாறுகிறது. டைஹைட்ரோமிர்சினால் எளிதில் சிதையாத ஆல்கஹால் வகையைச் சேர்ந்தது என்பதால் காரத்தை மட்டுமல்ல, பிளீச்சையும் ஓரளவு தாங்குகிறது. சலவைத்தூள், கழுவுதிரவம் முதலியவற்றில் அது இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதன் மூலப்பொருளும் எலுமிச்சை அல்ல: பைன் மரப் பிசினிலிருந்து வரும் டர்பன்டைனில் உள்ள பைனீனுக்கு ஹைட்ரஜன் ஏற்றி, சூடாக்கிப் பிளந்து, பிறகு நீரேற்றம் செய்து அதைத் தயாரிக்கிறார்கள்.

ஆகவே பழத்தை எதிர்பார்த்து முகர்பவர் ஏமாறுவார். சாறின் புளிப்பு இதில் கிடையாது. தோலைக் கிள்ளும்போது கண்ணில் தெறிக்கும் அந்தக் கூர்மை இருக்கிறது, அதனுடன் லாவெண்டரின் சாயல், பின்னால் நனைந்த இரும்புக் கம்பியை முகர்ந்தாற்போன்ற ஓர் உலோக நெடி. காலையில் தொட்டு வைத்த தாளில் எலுமிச்சை எண்ணெய் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிட, இது மதியச் சாப்பாட்டு வேளையிலும் தெரிகிறது.

அந்த உலோக நெடிதான் எனக்குப் பாடம் கற்றுத்தந்தது. 1982இல் வந்த டிராக்கார் நுவார் என்ற ஆண்களுக்கான சென்ட்டில் இது ஏறத்தாழ 10 சதவீதம், 1988இன் கூல் வாட்டர் சென்ட்டில் ஏறத்தாழ 20 சதவீதம் என்று படித்துவிட்டு, என் ஸ்ப்ரேக்கான வாசனைக் கலவையில் 25 சதவீதம் சேர்த்தேன். காலை முழுவதும் அதையே எடை போட்டதில் என் மூக்கு மரத்துப்போயிருந்ததால் எனக்கு எல்லாம் சரியாகவே பட்டது. மாலையில் வந்த அத்தை முகர்ந்த கையோடு, “என்னப்பா, பாத்ரூம் கழுவுற மருந்து வாடையால்ல இருக்கு” என்றார். அந்த நாற்பது புட்டிகளும் வீட்டுக் கழிவறைக்கே போயின.

இப்போது ஸ்ப்ரே கலவையில் 6 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. லாவெண்டர் எண்ணெயும், மல்லிகைச் சாயல் கொண்ட ஹெடியோன் என்ற செயற்கை வாசனைப் பொருளும் அதன் விளிம்பை மழுக்குகின்றன. பழ மணத்துக்காக, எலுமிச்சை இனப் பழமான பெர்கமாட்டின் எண்ணெயைச் சிறிது சேர்க்கிறேன்; வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் பெர்காப்டென் என்ற பொருள் நீக்கப்பட்ட எண்ணெய் அது. சோப்பில் ஒரு கிலோ எண்ணெய்க்கு மொத்த வாசனை 30 கிராம், அதில் இது 6 கிராம். சாரல் மாதங்களில் சோப்பு காயாமல் வியர்த்துக் கிடந்தாலும் மணம் போவதில்லை. தரைத் திரவத்தில் தயக்கமின்றிக் கூட்டிக்கொள்ளலாம். ஊதுபத்தியில் வீண், எரியும் முன்பே பறந்துவிடுகிறது.

இது நீரைவிட இலேசானது, 10 மில்லி ஏறத்தாழ 8.3 கிராம்தான் இருக்கும் என்பதால், மில்லியில் அளக்காமல் தராசில் எடை போடுவது நல்லது. ரப்பர் மூடியுள்ள சொட்டுக்குழாயைப் புட்டியிலேயே விட்டுவைத்ததில் ரப்பர் உப்பிப் பிசுபிசுத்துவிட்டது. அதிலிருந்து கண்ணாடிப் புட்டியும் திருகுமூடியும்தான்.

உறையில் முதலில் எலுமிச்சைப் படம் போட்டிருந்தேன். புனலூர்க் கடைக்காரர் ஒரு கட்டியைப் பிரித்து முகர்ந்துவிட்டு, “இது செறுநாரங்ஙா அல்லல்லோ” (இது எலுமிச்சை இல்லையே) என்று மலையாளத்தில் சொன்னார். அடுத்த அச்சில் பழத்தை எடுத்துவிட்டேன்.