டைம்மோர் சி2 கை கிரைண்டர்: இரண்டு டம்ளர் ஃபில்டர் காபிக்குச் சரி

மிக்ஸி ஜாரில் போட்ட காபிக்கொட்டையை பிளேடு வெட்டும், அரைக்காது. பாதி மாவு, பாதி குருணை. மாவு ஃபில்டர் துளையை அடைக்கும், குருணையில் சாரம் அப்படியே தங்கிவிடும். சி2-வில் இருப்பது 38 மி.மீ. கூம்பு வடிவ எஃகுப் பர், அதாவது கொட்டையை நசுக்கி அரைக்கும் பல் வைத்த பகுதி. அதன் இடைவெளியைத் தாண்டிப் பெரிய துண்டு கீழே இறங்க வழியில்லை. கொடுக்கிற காசு இதற்குத்தான்.

தூள் விழும் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் திருகு தெரியும். வலப்பக்கமாக, இனி நகராது என்னும்வரை திருகினால் அது பூஜ்யம். அங்கிருந்து இடப்பக்கம் 'டிக்' எண்ண வேண்டும். எவர்சில்வர் ஃபில்டருக்கு 12-இல் தொடங்கலாம். 20 கிராம் தூளுக்கு 100 மி.லி. வெந்நீர். டிகாஷன் 15, 20 நிமிஷத்தில் இறங்கினால் அரவை சரி. ஐந்தே நிமிஷத்தில் வெளுத்துப்போய் இறங்கினால் ஒரு டிக் குறையுங்கள். ஒரு மணி நேரமாகியும் மேலே தண்ணீர் நின்றால் இரண்டு டிக் கூட்டுங்கள். அதற்குமுன் தட்டை வைத்துத் தூளை ரொம்ப அமுக்கிவிட்டீர்களா என்று பாருங்கள். கையின் குற்றத்துக்கு அரவைதான் வழக்கமாகப் பழி சுமக்கிறது.

சிக்கரியை இதில் போடவே கூடாது. ஈரத்தை இழுத்துப் பல்லிடுக்கில் பிசின்போல ஒட்டும். தூளாக வாங்கி, அரைத்த பிறகு கலக்குங்கள். கடைக் கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரிக்குச் சட்டமே இடம் தருகிறது. வீட்டில் 20-ஐத் தாண்ட அவசியமில்லை. எண்ணெய் மினுங்கும் கருவறுவலும் பல்லில் ஒட்டும். நடுத்தரமாக வறுத்த பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) சிக்கலில்லாமல் அரைபடும்.

கொட்டை 250 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். வறுத்து ஐந்தாறு நாளாவது ஆகியிருக்கட்டும். அன்றே வறுத்ததில் வாயு மிகுந்து தூள் உப்பும், தண்ணீர் சீராக இறங்காது. காற்றுப் புகாத டப்பா, அடுப்பிலிருந்து தள்ளி. ஃப்ரிட்ஜ் வேண்டாம். வெளியே எடுத்துத் திறக்கும்போதெல்லாம் கொட்டை வியர்க்கும், கூடவே கொத்துமல்லி வாசனையும் ஏறும்.

ஒரு தடவைக்கு 20, 25 கிராம்தான் கொள்ளும். நாலு பேர் வீட்டில் காலையில் இரண்டு முறை சுற்ற வேண்டும். அவர்களுக்கு வாராவாரம் கடையில் புதிதாக அரைத்து வாங்குவதே மேல்.

பர்ரில் தண்ணீர் படக்கூடாது, உலர்ந்த பிரஷ் போதும். மிக்ஸிக்குச் செய்வதுபோலப் பச்சரிசி போட்டுச் சுற்றுவதும் வேண்டாம். வறுத்த கொட்டையைவிட அரிசி கடினம்.