கரண்ட் யூனிட்டுக்கு பத்து ரூபாயா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் தண்ணீர் வசதி, மெயின்டெனன்ஸ் பற்றி விசாரிக்கும்போதே மின் இணைப்பு எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணைத் தரத் தயங்குகிற இடத்தில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நான் மேடையில் காமெடி செய்து பிழைப்பவன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவேன். 2023இல் சாலிகிராமத்தில் ஒரு மாடி போர்ஷனுக்குக் குடிவந்தோம். "கரண்ட்டுக்கு யூனிட் பத்து ரூபா தம்பி, மீட்டர் பார்த்து நானே சொல்லிடுவேன்" என்றார் வீட்டு உரிமையாளர். மாதாமாதம் துண்டுச்சீட்டு வரும், பெரும்பாலும் ஆயிரத்தை ஒட்டி.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, எங்களுக்கு வருமானமும் கிடையாது. அப்போது ஆயிரம் ரூபாய் என்பது பெரிய பணம். வீட்டுக் கணக்கு எழுதுகிற என் மனைவிக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. "ஏங்க, எங்க அம்மா வீட்லயும் இதே ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவிதான். ரெண்டு மாசத்துக்கே முந்நூறு தாண்டுறதில்ல" என்றாள்.

அப்புறம் ஒரு நாள் கணக்கெடுக்க ஈபி ஊழியர் வந்தார். இரவு நிகழ்ச்சி முடித்து வந்ததால் பகலில் வீட்டில் இருந்தேன். மாடிக்கு எந்த மீட்டர் என்று கேட்டேன். "இது உங்களோடது சார், தனி சர்வீஸ். 200 யூனிட், 225 ரூபா வரும்" என்றார். அதே இரண்டு மாதங்களுக்கு எங்களிடம் வாங்கியது 2,000 ரூபாய்.

225 எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2016இலிருந்து ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் கட்டணப்படி அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு. அவ்வளவுதான். 2024 ஜூலையில் கட்டணம் சற்று ஏறியது. அப்போதும் எங்கள் அளவுக்கு ஓட்டுகிற வீட்டுக்குப் பத்து ரூபாய்க்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

தேர்தல் நேரத்தில் இந்த 100 யூனிட்டைப் பற்றி எத்தனை மேடையில் பேசுகிறார்கள்! எந்தக் கட்சி ஆண்டாலும் மானியம் மக்களின் வரிப்பணம்தான். அது குடியிருப்பவனுக்கு வந்து சேராமல் சீட்டு எழுதுகிறவர் பைக்குப் போவதைப் பற்றி எந்தக் கட்சியும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அதில்தான் அதிகக் கோபம்.

உரிமையாளரிடம் கேட்டேன். "மெட்ராஸ் முழுக்க இப்படித்தான். வேணும்னா எட்டு ரூபா போட்டுக்கலாம்" என்றார். பில்லைக் காட்டுங்கள் என்றதும் அவர் பேச்சே மாறிவிட்டது. அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அட்வான்ஸில் பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். கூடுதலாக வாங்கிய கரண்ட் பணம் திரும்பி வரவே இல்லை.

சில வீடுகளில் உண்மையிலேயே ஒரே இணைப்புதான் இருக்கும். உள்ளே சப்மீட்டர் வைத்திருப்பார்கள். இரண்டு மாதத்தில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் ஏறும் என்று உரிமையாளர் சொல்வது சரிதான். ஆனால் எவ்வளவு ஏறும்? மூன்று குடும்பம் சேர்ந்து 600 யூனிட் ஓட்டினால், அதே 2022 கட்டணத்தில் பில் 2,750 ரூபாய். யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்கூட ஆகவில்லை. பத்து ரூபாய் வீதம் வசூலித்தால் 6,000.

மீட்டர் பெட்டியிலேயே பெரும்பாலும் இணைப்பு எண் எழுதியிருக்கும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பில் வந்திருக்கும் சமயத்தில் அந்த எண்ணை ஜிபே, போன்பே எதில் போட்டாலும் கட்ட வேண்டிய தொகை தெரிந்துவிடும். யார் பெயரில் இணைப்பு இருந்தாலும் நாமே கட்டலாம். வாடகை ஒப்பந்தத்தில் 'மின் கட்டணத்தை வாடகைதாரரே வாரியத்துக்கு நேரடியாகக் கட்டுவார்' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சப்மீட்டர் வீடு என்றால் 'வாரிய பில்லைக் காட்டி, யூனிட் விகிதப்படி பங்கு பிரிக்கப்படும்' என்று எழுதச் சொல்லுங்கள். கேள்வி கேட்டதற்காக கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தினால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம்.

இப்போது இருக்கும் வீட்டில் பில்லை என் மனைவிதான் தன் போனிலிருந்து கட்டுகிறாள்.