உவர்மலையில் ஆறு ஞாயிறுகள்: ஓர் அரசியல் தத்துவ வகுப்பு

திருகோணமலை உவர்மலையில், ஒரு வீட்டு விறாந்தையில் ஞாயிறு பிற்பகல்களில் நடைபெறும் அரசியல் தத்துவ வகுப்புக்கு, உயர்தரத்தில் அரசறிவியல் கற்கும் என் மகளோடு நானும் ஆறு வாரங்கள் சென்று வந்தேன். ஒருவருக்குக் கட்டணம் 3,000 ரூபாய். விடைகளை மனனம் செய்விக்கும் வகுப்புகளுக்கே கூட்டம் சேரும் காலத்தில், நீதி, சுதந்திரம், சமத்துவம் ஆகியவற்றைப் பற்றி நிதானமாகச் சிந்திக்க ஓர் இடம் இருப்பதைப் பெரிதாக மதிக்கிறேன். அதனாலேயே குறைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இரண்டாம் வாரப் பயிற்சி ஒன்றே கட்டணத்துக்கு ஈடாகும். அமெரிக்கத் தத்துவவாதி ஜோன் ரோல்ஸ் 1971இல் வெளியிட்ட 'நீதிக் கோட்பாடு' என்ற நூலில், சமூகத்தின் விதிகளை வகுப்பவர்கள் தாம் எந்தக் குடும்பத்தில், எந்தத் திறமையோடு பிறப்போம் என்று அறியாதபடி ஓர் 'அறியாமைத் திரை'க்குப் பின்னால் இருப்பதாக எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். ஆசிரியர் இதை, கடற்கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் கரைவலையைக் கொண்டு கற்பித்தார். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி, கயிறு இழுப்பவர்கள், கரையில் மீனைத் தரம் பிரிக்கும் பெண்கள், நோயினால் அன்று கடற்கரைக்கு வர முடியாதவர் என எழுதிய துண்டுச் சீட்டுகளை மடித்து ஒரு சுளகில் போட்டார். சீட்டை எடுக்கலாம், பிரிக்கக் கூடாது. பிடிபட்ட மீனின் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று முதலில் நாம் ஒருமனதாக முடிவு செய்ய வேண்டும். சம்மாட்டிக்குப் பாதி என்று உரத்துச் சொல்லிவந்த இளைஞர், முக்கால் மணி நேர வாதத்துக்குப் பின், சீட்டை விரல்களுக்கிடையில் உருட்டியபடியே, "வர ஏலாதவருக்கும் ஒரு பங்கு வைப்பம்" என்றார். பிரித்தபோது என் மகளின் சீட்டில் நோயாளி என்று இருந்தது. "அப்பா, இது ஆரும் இரங்கித் தந்ததில்லை, எனக்குரிய பங்கு" என்று அவள் என்னிடம் சொன்னாள்.

எழுத்தில் தந்த குறிப்புகள் இந்தத் தரத்தில் இல்லை. ரோல்ஸின் வேறுபாட்டுக் கோட்பாட்டை 'எல்லோருக்கும் சம பங்கு' என்று அச்சிட்டிருப்பது பிழை. ஏற்றத்தாழ்வு மிகவும் பின்தங்கியோருக்கு இயன்றவரை கூடிய நன்மை தருமானால் அவர் அதை அனுமதிக்கிறார். சம்மாட்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பதால் வலை செப்பனிடப்பட்டு நோயாளியின் பங்கும் உயருமானால், அந்தக் கூடுதல் நியாயமானதே. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் திருகோணமலை உள்ளிட்ட கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவதை இதே கோட்பாட்டுக்கு உதாரணமாகக் காட்டியதும் பொருந்தவில்லை. ஆய்வுகூட வசதியற்ற பாடசாலையில் படித்த பிள்ளைக்கும் போட்டியில் சரியான இடம் வேண்டும் என்பது நியாயமான வாய்ப்புச் சமத்துவம் பற்றியது; வேறுபாட்டுக் கோட்பாட்டை விட ரோல்ஸ் முன்னே வைப்பது அதையே. பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

என் பெரிய மனக்குறை சுதந்திரத்தைப் பற்றியது. சுதந்திரம் என்பதில் பிறர் தலையீடின்மை ஒன்று, தன்னைத் தானே ஆளுதல் மற்றொன்று என்று தத்துவவாதி ஐசாயா பெர்லின் 1958இல் ஒக்ஸ்போர்ட் உரையில் பிரித்துக் காட்டியதும், சுதந்திரத்தைப் பற்றி எழுதிய ஜோன் ஸ்டூவர்ட் மில், ரொபர்ட் நொசிக் ஆகியோரின் கருத்துகளும் ஒரே பிற்பகலில் முடிக்கப்பட்டன. ரோல்ஸின் முதற் கோட்பாடே எல்லோருக்கும் சமமான அடிப்படைச் சுதந்திரங்கள்தான். எவ்வளவு பொருளாதார நன்மை கிடைத்தாலும் அவற்றை விட்டுக்கொடுக்க அவர் இடமளிப்பதில்லை. மூன்று ஆண்டுகளுக்கென்று 1979இல் கொண்டுவரப்பட்டு, பின்னர் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், விசாரணையின்றி 18 மாதங்கள் வரை தடுத்துவைக்க இடமளித்தது. அதன் நிழலில் வாழ்ந்தவர்களுக்கு இந்த முன்னுரிமை ஏட்டுச் செய்தி மட்டும் ஆகாது. கடைசி வாரம் வயதான ஒருவர் எழுந்து, "பங்கு கிடைக்கிறது சரி, சேர். கேள்வி கேக்க விடுவினமோ?" என்று கேட்டார். நேரமாகிவிட்டது என்று வகுப்பு கலைந்தது.

உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் இந்த வகுப்பைப் பரிந்துரைக்கிறேன். குறிப்புகளை மட்டும் திருத்தும்வரை நம்ப வேண்டாம். அடுத்த முறை சுதந்திரத்துக்கு இரண்டு வாரங்கள் ஒதுக்கி, அந்த முதியவரின் கேள்வியிலிருந்தே தொடங்கினால், நான் மீண்டும் பணம் கட்டிச் சேர்வேன்.