காறாத கடலை, காறும் கடலை: எது யாருக்கு?

வறுத்த நிலக்கடலையை டப்பாவில் போட்டு மறந்துவிட்டு, ஒரு மாதம் கழித்துத் திறந்தால் காறல் வாடை மூக்கில் ஏறும். இரண்டு வகைக் கடலைகளை ஒப்பிட வேண்டுமென்றால் நான் அந்த டப்பாவில்தான் தொடங்குவேன். ஒன்று, காலங்காலமாக நாம் தின்னும் சாதாரணக் கடலை (திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்தில் மல்லாட்டை). இன்னொன்று, 2020இல் இந்தியாவில் வெளியான கிர்னார் 4, கிர்னார் 5 போன்ற உயர் ஒலீயிக் கடலை. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் எது எதென்று சொல்ல முடியாது.

வித்தியாசம் எண்ணெயில் இருக்கிறது. எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்களில் முக்கியமானவை ஒலீயிக், லினோலீயிக் என்ற இரண்டு. சாதாரணக் கடலையெண்ணெயில் ஒலீயிக் அமிலம் ஏறக்குறைய 40 முதல் 55 சதவீதம், லினோலீயிக் அமிலம் 25 முதல் 40 சதவீதம். புதியதில் ஒலீயிக் 80 சதவீதத்தைத் தொடும். லினோலீயிக் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். லினோலீயிக்கில் இரட்டைப் பிணைப்பு இரண்டு. அவற்றுக்கு நடுவில் இருக்கும் கார்பனைத்தான் காற்றிலுள்ள ஆக்சிஜன் முதலில் பிடிக்கும். ஒலீயிக்கைவிடச் சுமார் பத்து மடங்கு வேகமாக அது கெடுவதற்குக் காரணம் இதுதான்.

இனி மரபணு விஷயம். ஒலீயிக்கை லினோலீயிக்காக மாற்றுவது ஒரு நொதி. கடலை இரண்டு காட்டுச் செடிகளின் கலப்பில் பிறந்த பயிர் என்பதால், அந்த நொதிக்கான மரபணுவும் ஆளுக்கொன்றாக இரண்டு வந்துவிட்டது. ஒன்று பழுதானால் போதாது, மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டுமே பழுதான ஒரு கடலை அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கிடைத்தது, 1987இல் அதை அறிவித்தார்கள். பெயர் எஃப் 435. யாரும் செய்ததல்ல, இயற்கையாக நேர்ந்தது. ஒரு மரபணுவின் டி.என்.ஏ. குறியீட்டில் ஓர் எழுத்து மாறியிருந்தது. மற்றதில் ஓர் எழுத்து கூடுதலாக நுழைந்து, அதற்கப்புறம் வருவதெல்லாம் ஓரிடம் தள்ளிப்போய் அர்த்தம் கெட்டிருந்தது. இதன் வழியில் 1995இல் சன்ஒலீயிக் 95ஆர் என்ற ரகம் வந்தது. அதை நம் ஊர் ரகங்களோடு கலப்புச் செய்து, ஹைதராபாத் பக்கத்திலுள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையமான இக்ரிசாட்டும் குஜராத்தின் ஜூனாகத் கடலை ஆராய்ச்சி நிலையமும் எடுத்தவைதான் கிர்னார் இரண்டும். வேறு உயிரின் மரபணு எதையும் இதில் நுழைக்கவில்லை.

இரண்டு பழுதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதால், கலப்பின் இரண்டாம் தலைமுறையில் 16 செடிக்கு ஒன்றுதான் தேறும். கொடிக்கடலை ரகங்கள் பலவற்றில் முதல் பழுது ஏற்கெனவே இருக்கிறது. அப்படி ஒன்றைப் பெற்றோராக எடுத்தால் நாலுக்கு ஒன்று தேறும். கொத்துக்கடலைக்கு அந்த அதிர்ஷ்டம் அபூர்வம்.

உயர் ஒலீயிக் சூரியகாந்தியும் போட்டியில் உண்டு. 1970களில் சோவியத் நாட்டில் ரசாயனம் கொடுத்துத் தூண்டிய திரிபிலிருந்து வந்தது அது. ஆனால் சூரியகாந்தியில் தேனீ மகரந்தத்தைத் தூக்கிக்கொண்டு வயல் மாறிப் போகும். பக்கத்து வயலில் சாதாரண ரகம் இருந்தால் எண்ணெயின் தரம் இறங்கலாம். கடலை பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் பயிர். அதனால் விதையை வீட்டிலேயே எடுத்து வைக்கலாம். சிறு விவசாயிக்கு என் ஓட்டு கடலைக்குத்தான்.

சரி, உடம்புக்கு எது நல்லது? விளம்பரங்கள் இதயத்தைக் காட்டும். நெய், பாமாயிலுக்குப் பதிலாக ஊற்றினால் இரண்டுமே நல்லவைதான். ஆனால் சாதாரணக் கடலையெண்ணெயிலுள்ள லினோலீயிக்கும் கெட்ட கொழுப்பைக் குறைப்பதுதான். அதோடு நம் உடம்பால் செய்துகொள்ள முடியாத அமிலமும் அதுவே. எனவே ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதால் இதயத்துக்குப் பெரிதாகக் கிடைப்பது ஏதுமில்லை என்பது என் கணக்கு. பூஞ்சை நஞ்சு, ஒவ்வாமை இரண்டிலும் புதியது எந்த விதத்திலும் மேலல்ல. கடலையை ஒழுங்காகக் காய வைக்காவிட்டால் எந்த ரகமும் பூஞ்சை பிடிக்கும்.

ஆகவே செக்கில் மாதாமாதம் ஆட்டி, காலியானதும் மறுபடி வாங்கும் வீட்டுக்குப் பழையதே போதும். பஜ்ஜிக் கடை, கடலைமிட்டாய், மாதக்கணக்கில் அலமாரியில் நிற்கும் பாக்கெட் என்றால் புதியது கொடுக்கும் காசுக்கு உழைக்கும்.

விவசாயிக்கு ஒரு சங்கடம் உண்டு. கண்ணால் பிரிக்க முடியாத கடலை களத்திலோ கோணியிலோ ஒரு கூடை கலந்தாலும் தெரியாது. அகச்சிவப்புக் கருவி இருந்தால் உடனே சொல்லிவிடும். அது எல்லா மண்டியிலும் இல்லை. இல்லாத மண்டியில் இரண்டும் ஒரே விலைக்குத்தான் போகும். அதனால் விதைக்கும் முன்னால், கூடுதல் விலைக்கு எடுக்கிற ஆள் யார் என்று கேட்டுக்கொண்டு விதையுங்கள்.