ஜீன் டெஸ்ட் 'நெகட்டிவ்' என்று கவரை நீட்டினால் நம்பிவிடாதீர்கள்

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் உள்ளவர்களுக்கு இந்த எச்சரிக்கை. இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில், அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய் வந்த பெண் போனால் ஜீன் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்து அனுப்புகிறார்கள். சில வாரம் கழித்துக் கவுண்டரில் ஒரு கவர். "நெகட்டிவ், பயப்படாதீங்க." விளக்கிச் சொல்ல ஆள் கிடையாது. அப்புறம் வருஷா வருஷம் சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை சேர்த்த பேக்கேஜ். சினைப்பைப் புற்றை ஆரம்பத்திலேயே பிடிக்க அந்த டெஸ்ட்டை நம்பவே முடியாது. ஜனங்கள் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறாமல் என்ன செய்வார்கள்?

அடிப்படைப் பிசகு, ஆளை மாற்றிச் சோதிப்பது. நோய் வந்த அம்மா இருக்கிறார் என்றால் முதலில் அவருக்குத்தான் பார்க்க வேண்டும். அவரிடம் பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2-இல் (பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்று ஆபத்தைக் கூட்டும் ஜீன்கள்) பழுது கிடைத்தால், மகளுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறையும், அங்கே வரும் நெகட்டிவ்வையும் நம்பலாம். அம்மாவை விட்டுவிட்டு மகளுக்கு மட்டும் பார்த்த நெகட்டிவ்வால் குடும்ப ஆபத்து நீங்கிவிடாது. பழுது இதுவரை பார்க்காத ஜீனில் இருக்கலாம்.

ரிப்போர்ட்டில் 'மெத்தட்' பகுதியைப் படியுங்கள். ஜீனில் பெரிய துண்டே விடுபட்டிருந்தால் சில சீக்வென்சிங் (ஜீனின் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும்) முறைகளில் தெரியாது. அதற்கு எம்எல்பிஏ போன்ற சோதனை வேண்டும். 'வியுஎஸ்' என்று போட்டிருந்தால் இன்னும் அர்த்தம் தெரியாத மாற்றம், அவ்வளவுதான். அதை மட்டும் காட்டிச் சினைப்பையை எடுக்கச் சொல்லும் டாக்டரிடம் மறுபடி போகாதீர்கள்.

அப்பா வழி அத்தைக்கு வந்த நோயை ஓபி சீட்டில் எழுதவே மாட்டார்கள். அப்பாவிடம் பழுது இருந்தாலும் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. நீங்களே சொல்லி எழுத வையுங்கள்.

உண்மையிலேயே பாசிட்டிவ் என்றால் 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐ, 30-இலிருந்து மேமோகிராமும் சேரும். சினைப்பையையும் கருக்குழாயையும் எடுப்பது பற்றி, பிள்ளைப்பேறு முடிந்தவர்களுக்கு, பிஆர்சிஏ1 என்றால் 35–40 வயதில் பேச்சு வர வேண்டும்; பிஆர்சிஏ2 என்றால் 40–45 வரை பொறுக்கலாம்.

ஆஸ்பத்திரி மாறுவதானால் வெறுங்கையோடு போகாதீர்கள். ஜீன் ரிப்போர்ட் எல்லாப் பக்கமும், அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட், அந்தத் திசுவின் மெழுகு பிளாக், ஸ்லைடு, எம்ஆர்ஐ சிடி (ஃபிலிம் மட்டும் போதாது) எல்லாம் கேட்டு வாங்குங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி, ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாயால் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சை தொடங்கி 3 ஆண்டு வரைதான் கோப்பை வைத்திருக்கும் கடமை அவர்களுக்கு. அம்மாவின் பழைய கோப்பை இந்த வாரமே கேளுங்கள்.